பதினேழாம் பையில் கராம்பு வாசம்

மற்றவர்கள் ஊதி எறிந்ததைக் குனிந்து பொறுக்குவதுதான் என் உத்தியோகம். அரசாங்க உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்கு மட்டும்.

விஷயம் இதுதான். நம் நாட்டில் புகைக்கப்படும் சிகரட்டுகளில் எவ்வளவு வரி கட்டியவை, எவ்வளவு களவாகக் கடல் தாண்டி வந்தவை என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். பிடிபட்டதை வைத்துப் பார்த்தால் பிடிபடாதது தெரியாது. புகைப்பவரைக் கேட்டால் உண்மை வராது. ஆகவே மனிதரைக் கேட்காதே, குப்பையைக் கேள் என்று யாரோ ஒரு புத்திசாலி முடிவு செய்திருக்கிறார். மற்ற நாடுகளில் வீதியில் கிடக்கும் வெறும் பெட்டிகளைப் பொறுக்குவார்களாம். இங்கே அது மட்டும் போதாது. நம் ஆட்கள் பெட்டியாக வாங்குவது குறைவு. ஒன்று, இரண்டு என்றுதான் வாங்குவார்கள். பெட்டி கடையிலேயே தங்கிவிடும். அதனால் வீதியில் சிகரட் கட்டைகளையும் கடையில் வெறும் பெட்டிகளையும் சேகரிக்க வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் அந்த வேலைக்கு அகப்பட்டவள் நான்.

எட்டாம் வகுப்பு வரை தமிழிலும் பிறகு சிங்களத்திலும் படித்தேன். பதினெட்டு வருஷம் டுபாயில், விமான நிலையக் கடையொன்றின் களஞ்சியத்தில் சரக்குப் பார்த்தேன். திரும்பி வந்தபோது நாற்பத்தெட்டு வயது. இரண்டு மொழி தெரியும், சிகரட் பெட்டிகளை முகம் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியும், வேறு வேலை இல்லை. மூன்று தகுதியும் ஒருத்தியிடம் சேர்ந்திருந்ததில் நேர்முகப் பரீட்சை வைத்தவர்களுக்கு அத்தனை சந்தோஷம்.

கையில் மட்டையும் பேனாவுமாக முன்பின் தெரியாதவர்களிடம் “ரெண்டே ரெண்டு கேள்விதான்” என்று கெஞ்சியவர்கள் உங்களில் எத்தனை பேர்? முதுகுவலியும் இருக்கிறதா? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. மேலே வாசியுங்கள்.

தோடு தேடிய கூட்டம்

முதல் நாள் மாத்தளை பஸ் நிலையம். கையுறை, நீண்ட இடுக்கி, ஸிப் வைத்த பிளாஸ்டிக் பைகள், மும்மொழியில் ஒரு கடிதம். சட்டென்று வேலையைத் தொடங்க வெட்கமாக இருந்தது. சேலை கட்டிக்கொண்டு வந்தது முதல் பிழை. கொஞ்சம் நடந்து, யாரும் பார்க்காத சமயம் குனிந்து, ஒரு கட்டையை எடுத்துப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் ஒரு பெரியவரும் குனிந்து நிற்கிறார். சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள். அதற்குப் பின்னால் ஒரு கண்டக்டர். எல்லோரும் தரையைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தார்கள். “எந்தப் பக்கம் வுழுந்திச்சு மிஸ்?” என்று கேட்டார் கண்டக்டர். “கல்லு வச்சதா, வெறும் தங்கமா?” என்றாள் ஒருத்தி.

இத்தனை பேர் எனக்காக இறங்கி வந்து தேடுகிறார்களே என்று இருந்தது. டுபாயில் பதினெட்டு வருஷத்தில் நான் கீழே போட்ட பேனாவைக்கூட ஒருவர் எடுத்துத் தந்ததில்லை. பையைத் தூக்கிக் காட்டி உண்மையைச் சொன்னேன். அந்தப் பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

“தோடுன்னு நெனச்சுக் குனிஞ்சேன் மிஸ். சிகரட்டுக் கட்டைக்குக் குனிஞ்சேன்னு வீட்ல போய் எப்படிச் சொல்றது?”

செல்வி அக்காவின் தூரக்கணக்கு

பலாபத்வலையில் ஏ ஒன்பது வீதியின் ஓரத்தைக் கூட்டுகிறவர் செல்வி அக்கா. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் குடியேறிய ஆள். அவர் கூட்டுவதற்கு முன்னால் நான் பொறுக்கிவிட வேண்டும் என்பதால் இரண்டு பேருக்கும் தினமும் போட்டி. நான்காம் நாள் அவர் தும்புத்தடியை மதிலில் சாத்திவிட்டு, “என்னாத்த தேடுறீங்க? நம்மூரு சிகரட்டா, வெளிநாட்டுதா?” என்று கேட்டார். இரண்டும் வேண்டும், ஆனால் வெளிநாட்டுக் கட்டை அகப்படுவதே இல்லை என்றேன். “கடை வாசல்ல தேடுனா எப்படி அகப்படும்?” என்று சிரித்துவிட்டு, கடையிலிருந்து ஒரு நாற்பது எட்டு எடுத்து வைத்து, மதிலுக்குப் பின்னால் இருந்த ஒரு வெட்டாந்தரையைக் காட்டினார். அங்கே கிடந்தன. ஒன்றல்ல, ஒரு குடும்பமாகக் கிடந்தன.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கா விளக்கினார். எல்லாக் கடையிலும் ஒரு லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சாதாரண சிகரட் வாங்கியவர் அங்கேயே பற்றவைத்து, அங்கேயே ஊதி, அங்கேயே போட்டுவிட்டுப் போவார். களவுச் சிகரட்டை விற்கிற கடைக்காரருக்கு வாடிக்கையாளர் தன் வாசலில் நின்று ஊதினால் பயம். கையில் கொடுத்து, அங்கிட்டுப் போய்ப் பற்றவைக்கச் சொல்லிவிடுவார். என் மேலதிகாரி நுவன், என்னைவிடப் பத்து வயது இளையவர், பட்டம் பெற்றவர், நான் போய்ச் சொன்னபோது வாயைத் திறந்தபடி இதையெல்லாம் எழுதிக்கொண்டார். கட்டையின் தூரத்தை அளக்க எங்கள் படிவத்தில் ஒரு புதுக் கட்டமே வந்தது. அந்தக் கட்டத்தைக் காட்டினேன். செல்வி அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடைக்காரன் தொரத்துனா கட்டையும் தூரமாப் போயி வுழும். இதுக்குப் போயி கட்டம் போட்டுப் படிக்கிறீங்களே மிஸ்!”

படம் இல்லாத பெட்டி

யட்டவத்தையில் சந்தை நாள். ஓய்வுபெற்ற ஒரு அரசாங்கக் கந்தோர்க்காரர், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத சாரம். தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்து, இந்த ஊரில் களவுச் சிகரட் என்ற பேச்சே கிடையாது என்று எனக்கு நல்ல சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லோடும் புகை வந்தது. சட்டைப் பையில் பெட்டியின் மூலை தெரிந்தது. தங்க நிறக் கரை, சிவப்புக் கோடு. என் களஞ்சியத்தின் மூன்றாம் வரிசை, இரண்டாம் தட்டு. எத்தனை ஆயிரம் முறை தொட்டிருப்பேன்! ஊருக்குத் திரும்பி வந்த என்னைத் தேடிக்கொண்டு அதுவும் யட்டவத்தைக்கு வந்து சேர்ந்தது போல இருந்தது.

கும்பிட்டுக் கேட்டேன். பெட்டியை எடுத்துக் காட்டினார். நம் நாட்டுப் பெட்டிகளில் முக்கால்வாசி இடத்தை நோய்ப் படம் பிடித்திருக்கும். மூன்று மொழியில் எச்சரிக்கை இருக்கும். இதில் ஒன்றும் இல்லை, வழவழவென்று கல்யாணக் கார்டு மாதிரி. படம் இல்லாவிட்டால் அது களவாக வந்ததுதான் ஐயா என்றேன். அவர் கோபிக்கவில்லை. யோசித்தார். மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்கிறவர் முகம் அது. இந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று நுவனுக்கும் எனக்கும் இன்றுவரை தெரியாது.

“அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்குது மகள். டொக்டர் வேறு பயப்படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் படம் இல்லாததை வாங்குகிறேன்.”

பரீனா தாத்தாவின் விசுக்கோத்து டின்

எங்கள் பக்கம் முஸ்லிம் அக்காமாரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். பரீனா தாத்தாவுக்கு அறுபது வயதிருக்கும். இரத்தோட்டை பஸ் நிலையத்தில் வரிசையாக எட்டுப் பெட்டிக்கடைகள். ஒன்று அவருடையது. கணவர் மௌத்தான பிறகு தனியாக நடத்துகிறார். வெற்றிலை, விசுக்கோத்து, தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குப் புகையிலை, வெளியூர்க்காரருக்குக் கராம்பு, ஏலக்காய், வசவாசி என்று வாசனைச் சரக்குகள். கடைக்குப் பிரதேச சபை ஒவ்வொரு வருஷமும் அனுமதி புதுப்பிக்க வேண்டும். அந்த வருஷத்து விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். ஒரு சின்ன வழக்கு இருந்தாலும் அனுமதி போய்விடும், வாங்கிக்கொள்ள வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

மூன்று நாள் வெற்றிலை வாங்கிய பிறகுதான் பேச்சு வந்தது. எங்கள் படிவத்தின் முதல் வரியை வாசித்துக் காட்டினேன். கடையின் பெயரோ கடைக்காரரின் பெயரோ எங்கும் பதியப்படாது, இடமும் எண்ணும் மட்டும்தான் என்று இருக்கும். “நீங்க யாரு மேல சத்தியம் பண்ணுவீங்க? வேதக்காரப் புள்ளையா?” என்று கேட்டார். ஆமாம், மாதா மேல் சத்தியம் என்றேன். “மர்யம் நாயகி எங்களுக்கும் பெரிய ஆள்தான்” என்று சொல்லிவிட்டு, குனிந்து, வெற்றிலைக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு விசுக்கோத்து டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே வெளிநாட்டுப் பெட்டிகள், நிறைந்ததும் வெறுமையானதுமாக. “நல்ல சிகரட்டு வாங்குற வெலயா இப்ப? கொழுந்து பறிக்கிற ஊட்டு ஆம்புள எங்க போவான்? அங்கிட்டுப் போய்ப் பத்த வைங்க எண்டு செல்லித்தான் குடுப்பேன்” என்றார். செல்வி அக்காவின் நாற்பது எட்டு நினைவுக்கு வந்தது.

இரண்டு வெறும் பெட்டிகளை மட்டும் தரச் சொன்னேன். என்னிடம் ஸிப் பை தீர்ந்துபோயிருந்தது. ஆணியில் தொங்கிய கட்டிலிருந்து ஒரு பழுப்புக் கடதாசிப் பையை உருவி, அதில் போட்டு மடித்துத் தந்தார். கராம்பு போட்டு விற்கிற பை. நான் மேலே பதினேழு என்று எழுதி ஒட்டினேன். பஸ் ஏறப் போனவளைத் திரும்பக் கூப்பிட்டார். குரலில் பகிடி இல்லை.

“எழுதாதீங்க எண்டு நான் செல்லல்ல தங்கச்சி. எழுதினா அடுத்த மாசம் இந்தக் கடை ஈக்காது எண்டுதான் செல்றேன்.”

பூதக்கண்ணாடிக்குக் கீழே

வாரத்தில் ஒரு நாள் மாத்தளையில், வாடகை அறையொன்றில், சேர்த்த கட்டைகளையெல்லாம் மேசையில் கொட்டிப் பிரிப்போம். பெட்டிகள் போட்ட பைகள் பிரிக்காமலே கொழும்புக்குப் போய்விடும். நீங்கள் அரிசியில் கல் பொறுக்கியிருப்பீர்கள். அதே வேலை, வாசனைதான் வேறு. நனைந்தது, மிதிபட்டது, பாதியில் அணைத்தது. பூதக்கண்ணாடியைப் பிடித்தால் வடிகட்டிக்கு மேலே மயிர் கனத்தில் ஓர் எழுத்து வரிசை தெரியும். ஒன்று நான் களஞ்சியத்தில் மட்டுமே கண்ட பெயர். இன்னொன்றின் எழுத்து எந்த நாட்டினது என்றே சொல்ல முடியவில்லை.

பார்த்துக்கொண்டேயிருந்தேன். எங்கோ ஒரு தேசத்தின் வயலில் முளைத்த இலை. அதை ஒருவர் உலர்த்தியிருக்கிறார், ஒருவர் சுருட்டியிருக்கிறார், ஒருவர் கப்பலில் ஏற்றும்போது பத்திரத்தில் செருப்பு என்றோ பிளாஸ்டிக் கதிரை என்றோ எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார், அல்லது உண்மையாகவே காணவில்லை. பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தடுக்கப் பார்க்கிறார்கள். அத்தனையையும் தாண்டி அது இரத்தோட்டைக்கு வந்து, மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிய ஒருவரின் இரண்டு விரலுக்கு நடுவே ஐந்து நிமிஷம் எரிந்து, ஒரு மதிலுக்குப் பின்னால் விழுந்து, கடைசியில் என் இடுக்கியில் அகப்பட்டிருக்கிறது. கெட்ட காரியம்தான். ஆனாலும் வாய் பிளக்காமல் இருக்க முடியவில்லை. நுவன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கு இன்னும் பாஸ்போர்ட்கூட இல்லை அக்கா. இந்தக் கட்டை பார்த்த நாட்டையெல்லாம் நினைத்தால் பொறாமையாக இருக்கு.”

நாங்கள் பெரிய ஆளான கதை

இரண்டு கிழமை கழித்து நுவனிடமிருந்து அழைப்பு. குரல் துள்ளியது. “அக்கா, நாங்க பெரிய ஆளாகிட்டோம்!” கொழும்பில் எங்கள் பைகளைத் திறந்திருக்கிறார்கள். பதினேழாம் பையைத் திறந்ததும் அறை முழுக்கக் கராம்பு வாசமாம். ஆய்வுக்குப் பொறுப்பான மெடம் மோந்து பார்த்துவிட்டு, இந்தோனேசியாவில் கராம்பு கலந்த சிகரட் புகைப்பார்கள், அது இதுவரை இந்தப் பக்கம் வந்ததாகப் பதிவில்லை, இது புதுப் பாதையாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை மாத்தளையில் கூட்டம். சோதனை போடுகிற திணைக்களத்திலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள். கூட்டம் முடிந்த கையோடு இரத்தோட்டை பஸ் நிலையத்தின் எட்டுக் கடைகளையும் திறந்து பார்ப்பதாகத் திட்டம்.

பெட்டியில் ஏது கராம்பு? பையில்தான் கராம்பு. கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னால் போதும், சோதனை நின்றுவிடும். ஆனால் சொன்னால் பையை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பையின் அடிப்பக்கத்தில் ஊதா மையில் ஒரு சீல் இருக்கும், மடித்துத் தந்ததால் அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. வெற்றிலை வாங்கிய மூன்று நாளும் அதே சீலை ஆணியில் தொங்கிய பைகளில் பார்த்தவள் நான். கடையின் பெயரும் ஊரும். நுவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மறுமுனையில் துள்ளல் போய்விட்டது.

“சொன்னால் ஒரு கடை, சொல்லாவிட்டால் எட்டுக் கடை. இந்தக் கேள்விக்கு நம்முடைய படிவத்தில் கட்டமே இல்லையே அக்கா.”

வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள்

வியாழக்கிழமை. மேசையைச் சுற்றி ஐந்து பேர்: மெடம், அதிகாரிகள் இரண்டு பேர், நுவன், நான். மெடத்துக்கு ஓய்வுபெறும் வயது. நரைத்த கூந்தல், குரலை உயர்த்தாத பேச்சு. முதலில் செல்வி அக்காவின் தூரக்கணக்கைப் பாராட்டினார். வேறு மாவட்டங்களிலும் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். பிறகு பதினேழாம் பை மேசைக்கு வந்தது. எனக்கு முன்னால் இருந்த அதிகாரி, நீலச் சட்டைக்காரர், இரத்தோட்டைக்கு எந்த வழியால் போவது குறுக்கு என்று நுவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றேன். “மெடம், அது பையின் வாசம். கராம்பு விற்கிற பையில் போட்டுத் தந்தார்கள். என்னுடைய பிழை” என்றேன். சிங்களத்தில் இத்தனை வருஷம் பேசியும் அன்றைக்கு நாக்கு தடுமாறியது.

நீலச் சட்டைக்காரர் பையை எடுத்துத் திருப்பினார். சீல் தெரிந்தது. தமிழில் மட்டும் இருந்தது. இரண்டு மொழியில் போட்டால் எழுத்துச் சின்னதாகிவிடும் என்று பரீனா தாத்தா எப்போதோ முடிவு செய்திருக்கிறார். நீலச் சட்டை அதை என் முன்னால் நீட்டினார். “இங்கே தமிழ் தெரிந்தவர் நீங்கள்தான். என்ன எழுதியிருக்கு?” நான் அதைப் பார்த்தேன். இரண்டு மொழி படித்ததற்கு இப்படி ஒரு பரீட்சை வரும் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. பொய் சொல்லலாம், கராம்பு, முதல் தரம் என்று எழுதியிருக்கிறது என்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் உண்மையைப் பொறுக்குகிற வேலையில் அப்படி ஒரு பொய்யை எங்கே போட்டு மூடுவது? “அது ஒரு கடையின் பெயர். அதை வாசிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்” என்றேன். ஆறு மாத உத்தியோகம் அந்த நிமிஷத்தோடு போயிற்று என்றே நினைத்தேன்.

“வெளியில் நிற்கிற டிரைவரைக் கேட்டால் வாசிப்பார்” என்றார் நீலச் சட்டை. மெடம் கையை நீட்டிப் பையை வாங்கினார். சீல் இருந்த பக்கத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். உள்ளே இருந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். கடதாசிப் பையை நாலாக மடித்து என் கையில் வைத்து, “உங்கள் படிவத்தின் முதல் வரியை எழுதியது நான்தான்” என்றார். இரத்தோட்டைப் பயணம் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கண்டும் காணாதவர் போல மெடம் அடுத்த பையைத் திறந்தார்.

“இத்தனை வருஷமாக எனக்குத் தமிழ் வாசிக்க வராது என்று வெட்கப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு மட்டும் அது சௌகரியமாகப் போயிற்று.”

பை திரும்பிப் போனது

மறுநாள் காலை இரத்தோட்டை பஸ். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். தன் பையைக் கண்டதும் பரீனா தாத்தாவின் முகம் வெளிறிவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “செல்லுங்க, எத்தன மணிக்கு வாறாங்க?” என்றார். ஒருவரும் வரவில்லை என்று தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். மெடம் சீலை உள்ளங்கையால் மூடிய இடம் வந்தபோது, “அல்ஹம்துலில்லாஹ்” என்று முணுமுணுத்துவிட்டு, எனக்கு ஒரு தேத்தண்ணி வரவழைத்தார். பிறகு பையை விரித்து, சீலை விரலால் தடவினார். “கொழும்பு வரைக்கும் போயும் ஒருத்தர் வாசிக்கல்லயா? அப்ப நான் என்னத்துக்கு இந்த சீல் அடிச்சேன்?” என்று சிரித்தார். டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே விசுக்கோத்து. நான் வந்து போன அன்றிலிருந்து தூக்கம் இல்லையாம். கொண்டுவந்து தருகிறவரிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பிரதேச சபையின் புது அனுமதி, கண்ணாடிக்குள், வெற்றிலைத் தட்டுக்கு மேலே மாட்டியிருந்தது.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எல்லாம் இந்தப் பாழாய்ப்போன கராம்புப் பையால் வந்த வினை என்றேன். பரீனா தாத்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆணியில் தொங்கிய கட்டிலிருந்து இன்னொரு பையை உருவி என் மூக்குக்கு நேரே பிடித்தார். கடதாசி வாசம். வேறு ஒன்றும் இல்லை. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். “எங்கட வாசல்ல இருந்து கராம்பு மூட்டை கொழும்புக்குப் போகுது. வெறுஞ்சாக்கு எண்டு திரும்பி வருது, உள்ளுக்கு இந்தப் பெட்டிகள். வெறுஞ்சாக்க யாரு அவுத்துப் பாப்பாங்க? எழுதிக்கோங்க, பேரு போடாம.” எழுதினேன். ஆறு மாதம் குனிந்து பொறுக்கியும் அகப்படாத பாதை, மறைத்து வைத்த ஒரு பெயருக்காகத் தானாக எழுந்து வந்து என் மடியில் விழுந்திருக்கிறது.

“புதுப் பைக்கு ஏது தங்கச்சி வாசம்? கராம்பு அந்தப் பெட்டியோடதான் வந்திச்சு. அந்த நோனாட மூக்கு நல்ல மூக்கு.”

மெடத்தின் மூக்கு சரி, என் வாக்குமூலம்தான் பிழை என்று அன்று பின்னேரமே கடையின் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தேன். இந்த உத்தியோகத்தில் குனிய வேண்டியது முதுகு மட்டும் இல்லை, தலையும்தான் என்று அது முடியப் போகிற மாதத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.